தேர் வந்தால் முல்லை ஆகிவிடுமா? பந்தய அனிமே பரிந்துரைகளுக்கு ஒரு மறுப்பு

ஹப்சிகுடாவில் தங்கி ஆய்வு செய்யும் தமிழ் மாணவர்கள் சிலர் சனிக்கிழமை இரவுகளில் ஓர் அறையில் கூடி அனிமே பார்ப்பது வழக்கம். அண்மையில் ‘ஃபியூச்சர் ஜிபிஎக்ஸ் சைபர் ஃபார்முலா’ தொடரைப் பார்த்து முடித்தோம். சன்ரைஸ் நிறுவனம் 1991இல் தயாரித்த தொடர்; 37 அத்தியாயங்கள். கடைசி அத்தியாயம் முடிந்ததும் முதலாண்டு ஆய்வு மாணவர் ஒருவர், “இதைப் போல வேறு என்ன இருக்கிறது, அண்ணா?” என்று கேட்டார். பத்து நிமிடத்தில் அவருக்கு நான்கு பேரிடமிருந்து நான்கு பட்டியல்கள் கிடைத்தன. நான்கிலும் ஏறக்குறைய அதே பெயர்கள்: ‘ரெட்லைன்’, ‘ஓபான் ஸ்டார் ரேசர்ஸ்’, ‘ஐஜிபிஎக்ஸ்’, ‘ஸ்பீட் ரேசர்’, ‘எம்எஃப் கோஸ்ட்’, ‘ஹைஸ்பீட் எத்வால்’.

அந்தப் பட்டியல்களை எதிர்த்தே இதை எழுதுகிறேன். அவற்றில் உள்ள படைப்புகளில் பெரும்பாலானவை நல்லவை. அவற்றோடு எனக்கு வழக்கில்லை. அவற்றை ‘ஒத்தவை’ என்று அறிவித்த முறையோடுதான் வழக்கு. அந்த முறை அனிமேயோடு நின்றிருந்தால் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். நம் ஆய்வேடுகள் வரை அது வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதால் விட முடியவில்லை.

பட்டியல் எப்படி உருவாகிறது? கார் இருக்கிறதா, பந்தயம் இருக்கிறதா, கதை வருங்காலத்தில் நடக்கிறதா என்று மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. மூன்றுக்கும் ஆம் என்றால் பெயர் பட்டியலில் ஏறிவிடுகிறது. கதையில் என்ன நடக்கிறது, யாருக்கு எது பறிபோகிறது, எந்தக் கேள்விக்காக அந்தக் கார் ஓடுகிறது என்பவை கேட்கப்படுவதே இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் கருவி நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுக்காலமாக இருக்கிறது. தொல்காப்பியர் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறார். நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை கரு. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய மனித ஒழுக்கங்களும் அவற்றின் நிமித்தங்களும் உரி. பாடலுக்குள் இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று முறையே சிறப்புடையவை என்கிறார். உரி உச்சியில் நிற்கிறது. ஒரு நிலத்தின் கருப்பொருள் இன்னொரு நிலத்துப் பாட்டுக்குள் வந்து மயங்கலாம். உரிப்பொருளுக்கு அந்த உரிமையை அவர் தரவில்லை. பாடலின் அடையாளம் எங்கே இருக்கிறது என்பதில் அவருக்குத் துளியும் ஐயம் இல்லை.

வேக ஊர்தியையே சான்றாக எடுத்துக்கொள்வோம். சங்கப் பாடல்களில் தேர் எங்கும் ஓடுகிறது. அகநானூற்றின் நான்காம் பாடலில், குறுங்குடி மருதனாரின் தலைவன் கார்காலத்தில் இல்லம் திரும்புகிறான். பூவில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சிவிடக் கூடாது என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். நெய்தல் பாடல்களிலும் தேர் உண்டு. கானல் மணலில் சக்கரம் பதிய இரவில் அது வரும். ஊரார் அலர் தூற்றுவார்களே என்று தலைவி நடுங்குவாள். புறத்திலும் தேர் உண்டு. படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்கொடிக்குத் தன் தேரையே நிறுத்திவிட்டுப் போனவன் பாரி. முதல் தேர் காத்திருப்புக்கு முடிவு. இரண்டாம் தேர் அச்சத்துக்குத் தொடக்கம். மூன்றாம் தேர் ஓடாமல் நின்றதனாலேயே புகழ்பெற்றது. நம் பட்டியல்காரர்களிடம் கொடுத்தால் மூன்றையும் ஒரே வரிசையில் அடுக்கி, ‘உங்களுக்குத் தேர் பிடித்திருந்தால் இவையும் பிடிக்கும்’ என்று தலைப்பிடுவார்கள்.

இப்போது ‘சைபர் ஃபார்முலா’வின் உரிப்பொருள் எதுவென்று பார்ப்போம். 14 வயதுச் சிறுவன் ஹயாடோ, தன் தந்தை உருவாக்கிய அஸுராடா என்ற காரில் நெருக்கடியான ஒரு கணத்தில் ஏறி அமர்கிறான். காரின் கணிப்பொறி அவனையே தன் ஓட்டுநராகப் பதிந்துகொள்கிறது. கார் பேசும், எச்சரிக்கும், அவனோடு சேர்ந்து தானும் கற்கும். அந்த நுட்பத்தைப் போர்க்கருவியாக்க விரும்பும் கூட்டம் ஒன்று தந்தையின் உழைப்பைக் கைப்பற்றத் துரத்துகிறது. கதை நடக்கும் ஆண்டு 2015. பின்னர் வந்த தொடர்ச்சிகளில் ஒன்றான ‘சாகா’வில் (1996) அல்சார்ட் என்ற கார் வருகிறது. ஓட்டுபவரின் உடலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு, அவரை ஓர் உதிரிபாகமாக்கிவிடும் வண்டி அது. ஒருபுறம் மனிதனோடு சேர்ந்து வளரும் பொறி. மறுபுறம் மனிதனைத் தின்று வெல்லும் பொறி. கற்கும் இயந்திரத்தோடு வாழும்போது மனிதன் மனிதனாகவே மிஞ்சுவானா? இதுவே அத்தொடரின் உரி. பந்தயத்தடம் அதற்கு அமைந்த நிலம். கார் அதன் கரு.

இந்த அளவுகோலோடு நான்கு பட்டியல்களையும் மறுபடி படியுங்கள்.

டகேஷி கொய்கே இயக்கி 2009இல் திரைவிழாவில் வெளியான ‘ரெட்லைன்’ ஏறத்தாழ ஏழாண்டு உழைப்பு. சுமார் 1,00,000 கைவரை ஓவியங்கள். ஆயுதம் குவித்த ஓர் அரசின் நிலத்தில், அந்த அரசின் தடையை மீறிப் பந்தயம் நடக்கிறது. எல்லாரும் ஆயுதம் பூட்டிய வண்டியோடு வர, நாயகன் ஜேபி மட்டும் ஆயுதமின்றி ஓட்டுகிறான். அதன் உரி செருக்கும் காதலும். இயந்திரத்தின் மனத்தைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. கவலைப்பட வேண்டிய தேவையும் இல்லை.

பிரெஞ்சு-ஜப்பானியக் கூட்டு முயற்சியான ‘ஓபான் ஸ்டார் ரேசர்ஸ்’ (2006, 26 அத்தியாயங்கள்) விண்மீன்களுக்கிடையே நடக்கும் பந்தயம். ஆனால் அதைப் பார்த்து அழுதவர்கள் பந்தயத்துக்காக அழவில்லை. பந்தய விபத்தில் தாயை இழந்த மகள், தன்னைக் கைவிட்ட தந்தையின் அணியிலேயே வேறு பெயரில் சேர்கிறாள். அவரோ மகளை அடையாளம் காணாமல் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறார். இது பிரிவும் இரங்கலும். ‘ஐஜிபிஎக்ஸ்’ (2005) மூவர் அணி ஒன்று ஒருவரை ஒருவர் நம்பக் கற்கும் கதை. ‘ஸ்லாம் டங்க்’ கூடைப்பந்துத் தொடரை நேசித்தவர்களுக்கு அது நெருங்கிய உறவு. 1967இன் ‘ஸ்பீட் ரேசர்’ குடும்பக்கதை. வீட்டை விட்டுப் போன அண்ணன் முகமூடியோடு தம்பியைக் காக்கிறான். ‘எம்எஃப் கோஸ்ட்’ (2023) தானோட்டி மின்கார்கள் நிறைந்த ஜப்பானில் பெட்ரோல் கார்களைச் சாலையில் ஓட்டும் பந்தயம். அதில் வருங்காலம் ஒரு சாக்கு. உண்மையில் அது கடந்தகாலத்துக்கான ஏக்கமும், ஆசானின் கைத்திறன் சீடனுக்கு இறங்கும் கதையும். ‘ஹைஸ்பீட் எத்வால்’ (2024) ஒன்றில்தான் பந்தய வீராங்கனைக்குச் செயற்கை நுண்ணறிவுத் துணை இருக்கிறது. தோற்றத்தில் மிக நெருங்கியது அதுவே. ஆயினும் ‘சைபர் ஃபார்முலா’ கேட்ட கேள்வி அங்கே அலங்காரமாக நின்றுவிடுகிறது.

ஆறு படைப்புகள், ஆறு உரிகள். அவற்றை ஒன்றாகக் கட்டும் கயிறு சக்கரம் மட்டுமே.

பட்டியலில் வராதவற்றைச் சொல்கிறேன். ‘மேக்ராஸ் பிளஸ்’ (1994). புதிய போர்விமானத்துக்கான தேர்வில் இரண்டு சோதனை விமானிகள் போட்டியிடுகிறார்கள். ஒருவர் கையால் ஓட்டுகிறார், இன்னொருவர் மூளை அலைகளால். போட்டி முடியுமுன்பே ஆளில்லா விமானம் ஒன்று இருவரையும் தேவையற்றவர்களாக்கிவிடுகிறது. இன்னொரு பக்கம், மனித உணர்ச்சியைக் கடன் வாங்கிப் பாடும் செயற்கைப் பாடகி, கடன் கொடுத்தவளை விஞ்சி எழுகிறாள். ‘சைபர் ஃபார்முலா’வின் கேள்வி இதைவிடக் கூர்மையாக வேறெங்கும் கேட்கப்பட்டதாக நான் கருதவில்லை. இந்த உறவு என் கற்பனையும் இல்லை. ‘சைபர் ஃபார்முலா’வின் கார்களை வடிவமைத்த ஷோஜி கவாமோரிதான் ‘மேக்ராஸ் பிளஸ்’ஸின் இயக்குநர்களில் ஒருவர். அதே கை, அதே கவலை, மூன்றாண்டு இடைவெளி. ஆனால் அதில் கார் இல்லை, விமானம் இருக்கிறது. ஆகவே பட்டியலில் இடமில்லை.

அடுத்தது ‘யுகிகாசே’ (2002). மனிதர் எவரையும் நம்பாமல் தன் விமானத்தை மட்டும் நம்பும் விமானி, நடக்கும் போருக்கு மனிதர் தேவைதானா என்ற ஐயத்தின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறான். பின்னர் ‘ரைட்பேக்’ (2009). காயத்தால் நடனத்தைக் கைவிட்ட கல்லூரி மாணவி, இருகால் எந்திரமாக மாறும் மோட்டார்சைக்கிளில் தன் இழந்த உடலை மீண்டும் காண்கிறாள். தோழியை மீட்க ஒருநாள் அதை ஓட்டிச் செல்கிறாள். அன்றுமுதல் அரசின் கண் அவள்மேல் விழுகிறது. மாணவர்கள் பார்க்க வேண்டிய தொடர் என்று தயங்காமல் சொல்வேன்.

நம் ஊரிலேயே இந்தத் தவறு ஒருமுறை பெரிய அளவில் நடந்தது. 2023 பிப்ரவரி 11 அன்று உசேன் சாகர் கரையில் ஃபார்முலா ஈ பந்தயம் நடந்தது, ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் தெருத்தடம். வென்றவர் ஜான் எரிக் வெர்ன். ‘சைபர் ஃபார்முலா நிஜமாகிவிட்டது’ என்று அனிமே நண்பர்கள் துள்ளினார்கள். மின்கார், வருங்காலத் தோற்றம், நகரத்தெரு. கருப்பொருள் அனைத்தும் பொருந்தின. ஆனால் ஃபார்முலா ஈ கேட்கும் கேள்வி வேறு. கையிருப்பு மின்னாற்றல் முழுவேகத்தில் கடைசிவரை போதாது. தடுக்கும்போது மீட்டும், பார்த்துப் பார்த்துச் செலவிட்டும் ஓட்டுபவரே வெல்கிறார். அது சிக்கனத்தின் பந்தயம். ‘சைபர் ஃபார்முலா’வின் கேள்வி நிஜமான இடம் அபுதாபி. 2024 ஏப்ரல் 27 அன்று யாஸ் மரீனா தடத்தில் மனிதர் எவரும் அமராத கார்கள், மென்பொருளின் ஓட்டத்தில் பந்தயம் விட்டன. அன்று நம்மவர்களில் ஒருவரும் துள்ளியதாக நினைவில்லை. ஹைதராபாத் பந்தயமும் அடுத்த ஆண்டு ரத்தானது. கருப்பொருளை மட்டும் கொண்டாடியவர்களுக்கு அதன்பின் பேச ஒன்றும் மிஞ்சவில்லை.

பரிந்துரை நிரல்கள் இதைச் சரியாகச் செய்யும் என்று கணினித்துறை நண்பர்கள் சொல்வார்கள். அவை பெரும்பாலும் இரண்டு வழிகளில் இயங்குகின்றன. ஒன்று, படைப்பின்மேல் ஒட்டப்பட்ட அடையாளச் சொற்களை ஒப்பிடுவது. அது கருப்பொருள் எண்ணிக்கை. மற்றொன்று, இதைப் பார்த்தவர்கள் வேறு எவற்றைப் பார்த்தார்கள் என்று கணக்கிடுவது, அது ஊர்வழக்கம். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்து, 2009இல் அதை வழங்கியது. போட்டியில் அளக்கப்பட்டது என்ன? ஒருவர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் இடுவார் என்ற முன்கணிப்பு எவ்வளவு துல்லியம் என்பது. அது பயனுள்ள கணக்கு, மறுக்கவில்லை. ஆனால் இரு படைப்புகள் ஏன் உறவு என்ற கேள்வி அங்கே எழுப்பப்படவே இல்லை. எழுப்பப்படாத கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக நம்புவதுதான் சிக்கல்.

‘ஒத்தது’ என்ற சொல்லை எவ்வளவு எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும் என்பதைக் கற்க ஹப்சிகுடாவாசிகள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. உப்பல் சாலையிலேயே உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே பணியாற்றும் எவரையும் கேளுங்கள். வண்ணத்துப்பூச்சியின் சிறகும் பறவையின் சிறகும் பறக்கத்தான் உதவுகின்றன. அவை செயல் ஒத்த உறுப்புகள், உறவில்லை. வௌவாலின் சிறகும் திமிங்கிலத்தின் துடுப்பும் மனிதனின் கையும் தோற்றத்தில் ஒன்றையொன்று அறியாதவை. எலும்பு எலும்பாகப் பார்த்தால் ஒரே மரபு, அமைப்பு ஒத்த உறுப்புகள். பள்ளிப் பாடநூலிலேயே உள்ள பாகுபாடு இது. உயிரியலில் இதைக் குழப்பும் மாணவருக்கு மதிப்பெண் போகும். கலையில் குழப்பினால் ‘நல்ல ரசனை’ என்று பெயர்.

எதிர்வாதம் ஒன்றைக் கேட்கிறேன், அது நியாயமானதும்கூட. “நாள் முழுதும் ஆய்வகத்தில் நொந்து வருகிறவனுக்கு வேகம் வேண்டும், கார் வேண்டும்; உரிப்பொருளைக் கொண்டு அவன் என்ன செய்வான்?” வேகத்தின் இன்பம் உண்மையானது. ‘ரெட்லைன்’ கொடுக்கும் கண்கூச்சத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. வேகம் மட்டும் கேட்டு வருபவருக்கு வேகத்தைக் கொடுங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் ‘இதைப் போல’ என்று கேட்டவர் வேகத்தைத்தான் கேட்டார் என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்? அந்த மாணவரிடம் மறுநாள் பேசினேன். அஸுராடா பேசும் காட்சிகளே அவரைப் பிடித்து நிறுத்தியிருந்தன. நான்கு பட்டியல்களில் ஒன்றுகூட அவர் கேட்டதற்கான விடையாக இல்லை. ‘எதைப் போல?’ என்று நால்வரில் ஒருவர் திருப்பிக் கேட்டிருந்தால் போதும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ‘சங்க இலக்கியத்தில் தேர்’, ‘சங்க இலக்கியத்தில் யானை’, ‘இன்னாரின் நாவல்களில் ஆறு’ என்ற வகை ஆய்வேடுகளை நாம் தலைமுறை தலைமுறையாக எழுதி வருகிறோம். சொல்லடைவைத் திற, கருப்பொருளை எண்ணு, இயல் இயலாக அடுக்கு, பட்டம் பெறு. பி.எல்.சாமி போன்றோர் சங்கச் செடிகொடிகளையும் பறவைகளையும் ஆராய்ந்தபோது, பாடலில் வரும் பெயர் எந்த உயிரினம் என்று நிறுவினார்கள்; புதிய அறிவு பிறந்தது. அவர்களைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டு எழுதப்படும் அடுக்குகளில் என்ன பிறக்கிறது? பரிந்துரைப் பட்டியலை எள்ளி நகையாடும் பேராசிரியரே, மாணவரின் முன்வரைவைப் பார்த்து, “இந்தத் தலைப்பில் ஏற்கெனவே ஆய்வு வந்துவிட்டதே” என்று திருப்பி அனுப்புகிறார். தலைப்பில் உள்ள பெயர்ச்சொல் ஒன்றாக இருந்தால் ஆய்வும் ஒன்று என்ற முடிவு, கார் இருந்தால் தொடரும் ஒன்று என்ற முடிவின் உடன்பிறப்பு.

நம் மாணவர்களும் சளைத்தவர்கள் இல்லை. முந்தைய ஆய்வுகளைத் தேடுவதென்றால், ஒரு கட்டுரையைத் திறந்து, அதன் ஓரத்தில் தேடுபொறி காட்டும் ‘தொடர்புடைய கட்டுரைகள்’ என்ற வரிசையில் இறங்குவது என்றாகிவிட்டது. அந்த வரிசை ஒரே சொற்களைப் பயன்படுத்துபவர்களை நமக்கு அறிமுகம் செய்யும். அதே கேள்வியை வேறு சொற்களில், வேறு துறையில், வேறு மொழியில் கேட்டவரை அறிமுகம் செய்வது அரிது. ஓர் ஆய்வாளருக்கு மிகவும் தேவைப்படும் மனிதர் அந்த இரண்டாமவர்தான். என் தலைமுறை ஆய்வாளர்கள் தாங்கள் வாசிக்க வேண்டிய ஆளைச் சந்திக்காமலேயே ஆய்வேட்டை முடித்துவிடுவார்கள் என்பதே என் அச்சம். இழப்பை அவர்கள் அறியவும் மாட்டார்கள். சந்திக்காதவர் பட்டியலில் இருப்பதில்லை.

இதற்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு. ‘சைபர் ஃபார்முலா’ பார்த்து முடித்த தமிழ் வாசகருக்கு நான் முதலில் கொடுக்க விரும்புவது அனிமே அன்று; சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த தொடர்கதை. கதை நடப்பது 2021இல். சர்வாதிகாரம் ஆளும் இந்தியாவில், ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படித்துப் படித்து, வாங்கி வந்த பொம்மை என்ற நிலையிலிருந்து தனக்கென மனம் கொண்ட துணையாக வளர்கிறது. நிலாவுக்கு ஜீனோ யாரோ, அவரே ஹயாடோவுக்கு அஸுராடா. கற்கும் பொறி, அதை நம்பத் துணியும் இளம் மனிதர், அந்த நுட்பத்தை அதிகாரத்துக்குப் பயன்படுத்தும் கூட்டம். மூன்றும் இரண்டிலும் உண்டு. சில ஆண்டு இடைவெளியில், ஒன்றையொன்று அறியாத இரு மொழிகளில், ஒரே கேள்வி. பந்தயம் இல்லை, தடம் இல்லை, சக்கரம்கூட இல்லை. எந்தப் பட்டியலும் இவ்விரண்டையும் அருகருகே வைக்காது. வைக்கத் தெரிந்தவருக்கு ஒப்பிலக்கிய ஆய்வேடு ஒன்று அங்கேயே காத்திருக்கிறது. எழுத விரும்புபவர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

என் கோரிக்கை சிறியது. ஒருவருக்கு ஒரு படைப்பை ‘இதைப் போன்றது’ என்று கொடுக்கும்போது, எதனால் என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துக் கொடுங்கள். அந்த வாக்கியத்தில் பெயர்ச்சொற்களை அடுக்காமல், யாருக்கு என்ன நேர்கிறது என்று எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். ஆய்வேட்டின் முன்னாய்வு இயலுக்கும் இதே விதி பொருந்தும். மறுப்பு உள்ளவர்கள் மறுத்து எழுதுங்கள், வரவேற்கிறேன். ஆனால் மறுப்பில் இன்னொரு பட்டியலை மட்டும் அனுப்பாதீர்கள்.